செஸ் போட்டியை போனில் பார்ப்பவர்களுக்கு: ஃபிடே, நேரலை, ரேட்டிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சின்ன ஊரில் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ டோர்னமெண்ட் நடக்கும். உள்ளே பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்க, வெளியே பெற்றோர்கள் கையில் போனோடு உட்கார்ந்திருப்பார்கள். அங்கே திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஃபிடே ஃபிடேங்கிறாங்களே, அது ஒரு வெப்சைட்டா, கம்பெனியா?

இரண்டும் இல்லை. உலகச் செஸ்ஸை நிர்வகிக்கும் கூட்டமைப்புதான் ஃபிடே. 1924 ஜூலை 20 அன்று பாரிஸில் தொடங்கப்பட்டது, இப்போது தலைமையகம் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில். நாடுகளின் செஸ் சங்கங்கள் அதில் உறுப்பினர்கள். இந்தியாவுக்கு அகில இந்திய செஸ் கூட்டமைப்பு, அதன் கீழ் நம் மாநிலச் சங்கம், அதன் கீழ் மாவட்டச் சங்கம். நம் விஸ்வநாதன் ஆனந்த் 2022 ஆகஸ்டில் சென்னையில் நடந்த தேர்தலில் ஃபிடேயின் துணைத் தலைவரானார்.

உலக சாம்பியன் போட்டி, நாடுகள் அணியாக மோதும் ஒலிம்பியாட், உலகக் கோப்பை எல்லாம் ஃபிடேயின் போட்டிகள். ஆனால் நீங்கள் போனில் தினமும் ஆடும் செஸ் டாட் காம், லிசெஸ் இரண்டும் ஃபிடேயுடையவை அல்ல. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

குகேஷ், பிரக்ஞானந்தா ஆடறதை லைவா எங்க பாக்கறது? காசு கட்டணுமா?

கட்ட வேண்டாம். ஃபிடேயின் முக்கியப் போட்டிகளுக்கு அவர்களுடைய யூடியூப் சேனலிலேயே வர்ணனையோடு நேரலை வரும். வர்ணனை வேண்டாம், நகர்த்தல் மட்டும் போதும் என்றால் லிசெஸ் தளத்தில் நேரலைப் பகுதி இருக்கிறது. விளம்பரமும் கிடையாது, கணக்கு தொடங்கவும் தேவையில்லை. நெட் மெதுவாக இருக்கும் ஊர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். நகர்த்தல் என்பது வெறும் எழுத்து, வீடியோவைப் போல டேட்டாவைக் குடிக்காது. யார் யாரோடு மோதுகிறார்கள், எத்தனை புள்ளி என்று பார்க்க பெரும்பாலும் செஸ் ரிசல்ட்ஸ் தளம். உங்கள் பிள்ளையின் பேரிங் வருவதும் அதில்தான்.

மரப்பலகையில காயை நகர்த்துறாங்க, அடுத்த நொடி என் போன்ல நகருது. யாராவது உக்காந்து டைப் பண்றாங்களா?

ஒரு காலத்தில் அப்படித்தான். இப்போது பலகையே பார்த்துக்கொள்கிறது. டிஜிடி என்ற நெதர்லாந்து நிறுவனத்தின் பலகைகள்தான் பெரும்பாலும் பயன்படுகின்றன. மேலே பார்த்தால் சாதாரண மரப்பலகை. உள்ளே உணர்கம்பிகள் இருக்கும். ஒவ்வொரு காயின் அடியிலும் சின்னக் கம்பிச்சுருள் இருக்கும். ராஜாவுக்கு ஒரு அதிர்வெண், குதிரைக்கு இன்னொன்று, வெள்ளைக்குத் தனி, கறுப்புக்குத் தனி. காயில் பேட்டரி கிடையாது. எந்தக் கட்டத்தில் எந்த வகைக் காய் நிற்கிறது என்று பலகை கண்டுபிடித்துக் கணினிக்கு அனுப்பும், கணினி அதை நகர்த்தலாக எழுதி இணையத்தில் ஏற்றும். கடிகாரத்தையும் இணைத்திருந்தால் மிச்ச நேரமும் சேர்ந்து வரும்.

2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது இப்படி 700-க்கும் மேற்பட்ட பலகைகள் போட்டிருந்தார்கள். ஒலிம்பியாட் ரஷ்யாவிலிருந்து சென்னைக்கு மாறி நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. தொடங்குவதற்கு நான்கு நாள் முன்னால், எல்லாப் பலகையும் ஒரே நேரத்தில் தாங்குமா என்று பார்க்கவே 1,400-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு சோதனை டோர்னமெண்ட் நடத்தினார்கள். பெரிய வீரர்களின் ஆட்டம் மட்டும் என்றில்லாமல், கடைசி மேசையில் முதல்முறை ஒலிம்பியாட் ஆட வந்தவரின் ஆட்டத்தையும் அவர் ஊரில் இருப்பவர்கள் பார்க்க முடிந்தால்தான் அது உலகப் போட்டி. அந்தப் பலகைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமையாக இருக்கிறது.

என் பையன் அப்படி ஒரு மூவ் ஆடவே இல்லைங்கிறான். லைவ்ல ராஜா நடுப்பலகையில நிக்குது!

பையன் சொல்வது சரிதான். ஆட்டம் முடிந்ததும் இரண்டு ராஜாக்களையும் நடுவில் உள்ள நான்கு கட்டங்களில் வைப்பது முடிவை அறிவிக்கும் முறை. இரண்டும் வெள்ளைக் கட்டத்தில் இருந்தால் வெள்ளைக்கு வெற்றி, இரண்டும் கறுப்புக் கட்டத்தில் இருந்தால் கறுப்புக்கு வெற்றி, ஆளுக்கொரு நிறத்தில் நின்றால் டிரா. சில நேரம் கணினி இதையே ஒரு நகர்த்தல் என்று எடுத்துக்கொள்ளும். ஆட்டம் முடிந்த கையோடு அதே பலகையில் இருவரும் “இங்கே இதை ஆடியிருந்தால்?” என்று காயை நகர்த்திப் பார்த்தாலும் இதே குழப்பம் வரும்.

நடு ஆட்டத்திலும் தப்பு வரலாம். காய் கட்டத்தின் ஓரத்தில் நின்றால் பலகைக்குச் சரியாகத் தெரியாது. நேரம் குறைந்து இருவரும் படபடவென்று ஆடும்போது ஒன்றிரண்டு நகர்த்தல் விட்டுப்போகும், அப்புறம் சரிசெய்வார்கள். மணிக்கணக்கில் ஆடும் கிளாசிக்கல் போட்டியில் பிள்ளை கையால் எழுதும் ஸ்கோர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். லைவில் பார்த்ததை வைத்து “ஏன்டா ராணியைச் சும்மா கொடுத்தே?” என்று மண்டப வாசலிலேயே பிள்ளையைத் திட்டிய பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை ராணியைக் கொடுக்கவே இல்லை.

பக்கத்துல ஒரு பட்டை ஏறி இறங்குதே, அது கறுப்பா மாறினா கறுப்பு ஜெயிச்சாச்சுன்னு அர்த்தமா?

இல்லை. அது ஸ்டாக்ஃபிஷ் போன்ற கணினி நிரலின் கணிப்பு. “இரண்டு பக்கமும் இனிமேல் என்னைப் போலவே பிழையில்லாமல் ஆடினால் யார் கை ஓங்கும்” என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. மனிதர்கள் அப்படி ஆடுவதில்லை.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், அப்போதைய சாம்பியன் டிங் லிரெனோடு குகேஷ் ஆடிய உலக சாம்பியன் போட்டியின் பதினான்காவது ஆட்டம். அதுவரை இருவரும் ஆறரைக்கு ஆறரை. குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் பட்டை கிட்டத்தட்ட நடுவிலேயே நின்றது. டிரா என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். 55-வது நகர்த்தலில் டிங் தன் யானையை, அதாவது ரூக்கை, ஒரு தவறான கட்டத்தில் வைத்தார். பட்டை ஒரேயடியாகச் சரிந்தது, எங்கள் வகுப்பில் பிள்ளைகள் கத்திவிட்டார்கள். குகேஷ் முன்னால் எந்தப் பட்டையும் இல்லை. யானைகளை வெட்டிக்கொள்ளலாம், அப்புறம் மூலையில் மாட்டியிருக்கும் மந்திரியையும், அதாவது பிஷப்பையும், வெட்டிக்கொள்ள வைக்கலாம், மிச்சமிருக்கும் சிப்பாய் ஆட்டத்தில் ஜெயிக்கலாம் என்று அவர் தானாகவே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கண்டுபிடித்தார், 18 வயதில் உலக சாம்பியன் ஆனார்.

பட்டையை மட்டும் பார்த்தவருக்கு அந்த ஆட்டம் ‘டிங் செய்த ஒரு தப்பு’. ஆனால் அதற்கு முன்னால் மணிக்கணக்காக, டிராவுக்குச் சம்மதிக்காமல் குகேஷ் கொடுத்துக்கொண்டே இருந்த அழுத்தம் பட்டையில் தெரியவே தெரியாது. பார்வையாளரை இழுப்பதற்கு இந்தப் பட்டையைப் போல வேறொன்றும் உதவவில்லை என்பது உண்மை. செஸ் தெரியாதவரும் இன்று பார்க்கிறார் என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் கற்றுக்கொள்ளும் பிள்ளை பார்க்கும்போது அதை அணைத்து வையுங்கள். லிசெஸ் தளத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

சில போட்டியில லைவ் கால் மணி நேரம் தாமதமா வருதாமே? அப்புறம் எப்படி அது லைவ்?

வேண்டுமென்றேதான் தாமதிக்கிறார்கள். நகர்த்தல் உடனுக்குடன் வெளியே வந்தால், வெளியே இருக்கும் ஒருவர் கணினியில் போட்டுப் பார்த்து உள்ளே இருப்பவருக்கு எப்படியாவது சைகை காட்டிவிடலாம். 15 நிமிடம் தள்ளி வெளியிட்டால் அந்த வழி அடைபடும். 2022-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் நடந்த சிங்க்ஃபீல்ட் கோப்பையிலிருந்து அப்போதைய உலக சாம்பியன் கார்ல்சன் பாதியில் விலகியபோது, அந்தப் போட்டி அமைப்பாளர்கள் உடனே செய்த மாற்றங்களில் இந்தத் தாமதமும் ஒன்று. அது ஃபிடே நடத்திய போட்டி அல்ல, ஆனாலும் அதற்குப் பிறகுதான் நம் பெற்றோர்களுக்கும் இந்த வழக்கம் தெரியவந்தது.

கிரிக்கெட்டில் இப்படி ஒன்றை நினைத்துப் பார்க்க முடியாது. செஸ்ஸில் ஆட்டத்தைப் பற்றிய தகவலே ஆட்டத்தைக் கெடுக்கும் ஆயுதமாகிவிடும். ரசிகருக்குக் கால் மணி நேரம் காத்திருப்பது ஒரு இழப்புதான். ஆட்டக்காரரின் நேர்மை மேல் சந்தேகம் விழுவது அதைவிடப் பல மடங்கு பெரிய இழப்பு. தாமதத்தின் பக்கம்தான் நான்.

நான் ஓரமா நின்னு என் பொண்ணு போர்டை ஒரு போட்டோ எடுக்கக் கூடாதா? போனை வாங்கி வச்சுக்கிறாங்க.

காரணம் மேலே சொன்னதேதான். ஆட்ட அரங்கில் நடுவரின் அனுமதி இல்லாமல் யாரும் போன் பயன்படுத்தக் கூடாது என்பது ஃபிடேயின் ஆட்ட விதி, அது பார்வையாளருக்கும் பொருந்தும். ஆட்டக்காரரிடம் போன் இருப்பது தெரிந்தால் ஆட்டமே பறிபோகும். பையில் அணைத்து வைத்திருந்தாலும் நடுவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபிடே ஐடி வாங்கினா பாப்பா விவரமெல்லாம் ஊருக்கே தெரியுமே? பயமா இருக்கு.

நியாயமான கவலை. ஐடி என்பது ஆட்டக்காரருக்கான பதிவு எண். அது நேரடியாக ஃபிடேயிடம் வாங்குவதல்ல, இந்தியக் கூட்டமைப்பு வழியாக வரும். ரேட்டிங்ஸ் டாட் ஃபிடே டாட் காம் தளத்தில் பெயரைத் தட்டினால் பக்கம் திறக்கும். பெயர், நாடு, பிறந்த ஆண்டு, பட்டம், ஆட்டத் திறனைக் காட்டும் எண்ணான ரேட்டிங், ஆடிய போட்டிகள், இவைதான் அங்கே முக்கியமாகத் தெரிபவை. முழுப் பிறந்த தேதியோ, முகவரியோ, போன் எண்ணோ வெளியே தெரியாது. ரேட்டிங்கைப் போஸ்டர் அடித்துப் போடுகிறவர்கள் பள்ளி, தெரு எல்லாவற்றையும் சேர்த்துப் போடுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்தப் பக்கத்தின் அருமையையும் சொல்ல வேண்டும். ஆனந்தின் பக்கமும் உங்கள் பாப்பாவின் பக்கமும் ஒரே அச்சில் வார்த்தவை. அவருடைய எண் 5000017, பாப்பாவுக்கும் அதே மாதிரி ஓர் எண். அவ்வளவுதான் வித்தியாசம். முழு ரேட்டிங் பட்டியலையும் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ரசிகர்களுக்காக ஃபிடே செய்த டிஜிட்டல் வேலைகளிலேயே இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

டோர்னமெண்ட் முடிஞ்சு பத்து நாள் ஆச்சு. இன்னும் ரேட்டிங் ஏறவே இல்லையே மாஸ்டர்?

ரேட்டிங் பட்டியல் மாதத்துக்கு ஒருமுறை, ஒன்றாம் தேதி வரும். நடுவர் அறிக்கை அனுப்ப வேண்டும், அது கூட்டமைப்பு வழியாக ஃபிடேக்குப் போக வேண்டும். மாதக் கடைசியில் முடிந்த போட்டி அடுத்த பட்டியலில் வராமலும் போகலாம். இதுவே பெரிய முன்னேற்றம். ஒரு காலத்தில் பட்டியல் வருடத்துக்கு ஒன்று. 2012 ஜூலையிலிருந்துதான் மாதாமாதம். உலக வீரர்களுக்கு அன்றன்றைக்கு மாறும் ‘லைவ் ரேட்டிங்’ பார்க்கிறீர்களே, அது வேறு தளங்கள் கணக்குப் போட்டுக் காட்டுவது.

முதல் ரேட்டிங் வர, ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது ஐந்து ஆட்டம் வேண்டும். 2024 மார்ச்சிலிருந்து 1400-க்குக் கீழே ரேட்டிங் கிடையாது. “என் பொண்ணு ஆடவே இல்ல, 1200-லேருந்து 1520 ஆயிடுச்சே” என்று அப்போது ஒருவர் கேட்டார். 2000-க்குக் கீழே இருந்த எல்லோருக்கும், 2000-லிருந்து எவ்வளவு குறைகிறதோ அதில் 40 சதவீதத்தை ஒரே ஒருமுறை கூட்டிக் கொடுத்தார்கள். 800 குறைந்தது, 320 ஏறியது.

ஆன்லைன்ல அவன் 1800. அப்ப ஃபிடேல போட்டா நேரா 1800 வருமா?

வராது. முதல் பதிலில் சொன்னதுபோல அது வேறு தளம், வேறு கூட்டம், வேறு கணக்கு. இரண்டையும் ஒப்பிட்டு மனம் உடைய வேண்டாம்.

ஃபிடே சைட்லயே ‘கிராண்ட்மாஸ்டர்’ பட்டம் ஆன்லைன்ல வாங்கலாமாமே? ஒருத்தர் அப்படிப் போட்டிருக்காரு.

அவர் போட்டிருப்பது ‘அரீனா கிராண்ட்மாஸ்டர்’ ஆக இருக்கும். ஃபிடே ஆன்லைன் அரீனா என்று அதிகாரப்பூர்வமான ஓர் இணையத் தளம் உண்டு. அங்கே ஆன்லைனிலேயே ஆடி, அரீனா கேண்டிடேட் மாஸ்டரில் தொடங்கி அரீனா கிராண்ட்மாஸ்டர் வரை நான்கு பட்டங்கள் பெறலாம். அவை உண்மையான பட்டங்கள்தான், ஆனால் ஆனந்த் 1988-ல் பெற்ற கிராண்ட்மாஸ்டர் பட்டம் வேறு. அதற்கு நேரில் ஆடி மூன்று நார்ம், அதாவது அந்தப் பட்டத்துக்குரிய தரத்தில் ஒரு போட்டியை ஆடியதற்கான சான்று, எடுக்க வேண்டும், ரேட்டிங் 2500-ஐத் தொட வேண்டும்.

புது ஆட்டக்காரர்களை இழுக்க இப்படிப் படிகள் வைப்பது தப்பில்லை. ஆனால் ‘அரீனா’ என்ற சொல்லை விட்டுவிட்டு விளம்பரம் செய்து பெற்றோரிடம் கட்டணம் வாங்குவது ஏமாற்று. சந்தேகம் இருந்தால் மேலே சொன்ன ரேட்டிங் தளத்தில் பெயரைத் தட்டிப் பாருங்கள், எந்தப் பட்டம் என்று அங்கேயே தெரியும்.

2020-ல ஆன்லைன் ஒலிம்பியாட்ல நெட் போனதுக்கா நமக்குத் தங்கம் கொடுத்தாங்க?

கொரோனாவால் மாஸ்கோ ஒலிம்பியாட் நின்றுபோக, ஃபிடே அதற்குப் பதில் இணையத்தில் ஒன்றை நடத்தியது. 160-க்கும் மேற்பட்ட நாடுகள், செஸ் டாட் காம் தளத்தில். அணிக்கு ஆறு பேர், அதில் பெண்களும் 20 வயதுக்கு உட்பட்டவர்களும் கட்டாயம். ஆகஸ்ட் 30-ல் இந்தியா – ரஷ்யா இறுதிப் போட்டி. முதல் சுற்று 3–3. இரண்டாவது சுற்றில் நிஹால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு அறுந்தது, கடிகாரம் ஓடி முடிந்து இருவரும் தோற்றதாக ஆனது. அன்று உலகின் பல இடங்களில் இணையச் சேவை பாதிக்கப்பட்டிருந்தது, அவர்கள் வீட்டு நெட் பிரச்சினை அல்ல. இந்தியா முறையிட்டது. இரண்டு அணிக்கும் தங்கம் என்று ஃபிடே தலைவர் ட்வோர்கோவிச் அறிவித்தார்.

முடிவு சரிதான் என்பது என் கருத்து. ஆனால் அதே போட்டியில் காலிறுதியில் இந்தியாவோடு ஆடிய அர்மீனிய அணி, தங்கள் வீரருக்கும் இணைப்பு அறுந்தது என்று முறையிட்டது. அது ஏற்கப்படவில்லை, அவர்கள் விலகினார்கள். நம் தங்கத்தைப் பேசும்போது அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நேரில் ஆடும்போது மின்சாரம் போனால் இருவருக்கும் போகும். இணையத்தில் ஒருவருக்கு மட்டும் போகிறது. இந்தச் சிக்கலுக்கு இன்னும் முழுத் தீர்வு இல்லை.

நான் யூடியூப்ல பெரிய ஆட்டங்களை விளக்கிப் போடலாம்னு இருக்கேன். ஃபிடே கேஸ் போடுமா?

ஒளிபரப்பின் வீடியோவை அப்படியே எடுத்துப் போட்டால் பிரச்சினை வரும். அது அவர்கள் உழைப்பு. ஆனால் நகர்த்தல்களை உங்கள் பலகையில் காட்டி உங்கள் குரலில் விளக்கலாம்.

இதற்குப் பின்னால் ஒரு வழக்கு உண்டு. 2016-ல் நியூயார்க்கில் கார்ல்சன் – கர்யாக்கின் உலக சாம்பியன் போட்டி நடந்தபோது, ஃபிடேயிடம் வணிக உரிமை வாங்கியிருந்த ஏகான் என்ற நிறுவனம் நகர்த்தல்களை வேறு யாரும் நேரலையாகப் போடக் கூடாது என்றது. தன் தளத்தில் பணம் கட்டிப் பார்க்கும் வசதியையும் வைத்தது. மற்ற செஸ் தளங்கள் கேட்கவில்லை, வழக்கு நியூயார்க் நீதிமன்றம் போனது. போட்டி தொடங்கும் நேரத்தில் நீதிபதி மரெரோ தடை விதிக்க மறுத்துவிட்டார். 1997-ல் கூடைப்பந்து ஸ்கோரைப் பேஜரில் அனுப்பியதற்காக மோட்டரோலா மேல் போட்ட வழக்கிலும் இதே தர்க்கம்தான். ஸ்கோர் என்பது நடந்த நிகழ்வு, அதற்கு யாரும் பட்டா போட முடியாது.

ஏகான் ஜெயித்திருந்தால் லிசெஸ் தளத்தில் இன்று நீங்கள் இலவசமாகப் பார்க்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். ஃபிடேக்குப் பணம் தேவைதான், மறுக்கவில்லை. பூட்டிவைத்துப் பணம் பண்ணும் விளையாட்டு இதுவல்ல. பலகையும் காயும் இருந்தால் எவரும் அந்த ஆட்டத்தைத் திரும்ப ஆடிப் பார்க்கலாம்.

இவ்வளவு செய்றவங்க தமிழ்ல ஒரு வர்ணனை வைக்கக் கூடாதா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் பேரனுக்குத் துணையாக வந்திருந்த ஒரு பாட்டி. குகேஷ் நம்ம ஊர்ப் பிள்ளை என்பது அவருக்குத் தெரியும். ஆட்டத்தில் என்ன நடக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை.

ஃபிடேயின் சொந்த நேரலை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். சரி, உலக அமைப்பு எல்லா மொழியிலும் செய்ய முடியாது என்று சொல்லலாம். ஆனால் 2013-ல் சென்னையில் ஆனந்த் – கார்ல்சன் உலக சாம்பியன் போட்டி நடந்ததே, நார்வேயின் பொதுத் தொலைக்காட்சியான என்ஆர்கே அதை நார்வேஜிய மொழியில் மணிக்கணக்காக நேரலை செய்தது. அந்த நாட்டின் மக்கள்தொகையே சுமார் 50 லட்சம்தான். அங்கே வேலைக்கு நடுவில் செஸ் பார்ப்பது வழக்கமானது அப்படித்தான். ஆட்டம் நடந்ததோ நம் ஊரில். இங்கே தூர்தர்ஷன் காட்டியது, ஆனால் தமிழில் அதுபோன்ற ஒரு பழக்கம் உருவாகவில்லை.

வர்ணனைக்குச் சொல்லும் வேண்டும். ஒருவர் யானை என்பதை இன்னொருவர் தேர் என்கிறார். மந்திரி என்றால் பெரியவர்களில் பலருக்கு ராணி, பிள்ளைகளுக்கு பிஷப். தினமும் நேரலையில் பேசப் பேசத்தான் இது ஒரு வழிக்கு வரும். தமிழில் ஆட்டம் விளக்கும் யூடியூபர்கள் சிலர் இருக்கிறார்கள். நகர்த்தல்கள் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன. அதனால் ஃபிடே வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாநிலச் சங்கமோ ஒரு கல்லூரியோ நினைத்தால் அடுத்த உலகப் போட்டிக்கே செய்யலாம். முந்தைய கேள்வியைக் கேட்டவர் இதைப் படித்தால், அந்தப் பாட்டிக்காக அந்தச் சேனலைத் தொடங்கட்டும்.

அந்த ஆட்டத்தையெல்லாம் சேத்து வச்சு அப்புறம் பொறுமையா பாக்க முடியுமா?

முடியும். நேரலைப் பக்கத்தில் ‘பிஜிஎன்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் ஒரு சின்னக் கோப்பு இறங்கும். வெறும் எழுத்துதான், ஓர் ஒலிம்பியாட்டின் எல்லா ஆட்டமும் சேர்ந்தாலும் போனில் நாலைந்து புகைப்படத்தின் இடத்தைத் தாண்டாது. லிசெஸ் தளத்தில் ‘ஸ்டடி’ பகுதியைத் திறந்து அதை ஏற்றுங்கள். ஒவ்வொரு நகர்த்தலாக முன்னும் பின்னும் போகலாம், நடுவில் உங்கள் குறிப்பைத் தமிழிலேயே எழுதி வைக்கலாம், வகுப்புப் பிள்ளைகளுக்கு இணைப்பை அனுப்பலாம். பட்டையை மட்டும் முதலில் அணைத்துவிடுங்கள்.